இயற்பியல் நடத்த ஆள் இல்லை: எந்த வழி நிலைக்கும்?

உயிரியல் படித்த ஓர் ஆசிரியர் மின்சுற்றுப் பாடம் நடத்துகிறார். கரும்பலகையில் ஒரு மின்கலம், வரிசையாக இரண்டு பல்புகள். ஒரு மாணவி எழுந்து, "முதல் பல்பு எரியறதுல கொஞ்சம் மின்னோட்டம் செலவாகிடாதா சார்? ரெண்டாவதுக்குக் குறைவாத்தானே போகும்?" என்று கேட்கிறாள். அருமையான கேள்வி. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்து ஒரே அளவைக் காட்டினால் அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆசிரியருக்கே அந்த இடத்தில் சந்தேகம் என்றால், "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்பதோடு முடிந்துவிடும். பதிவேட்டிலோ அந்தப் பணியிடம் நிரம்பியதாகவே இருக்கும்.

இதைச் சரிசெய்ய முதலில் தோன்றுவது கூடுதல் பணம். கணிதமும் இயற்பியலும் படித்தவர்களை மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் இழுக்கும்போது அது நியாயமும்கூட. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2001 முதல் 2004 வரை, பின்தங்கிய பள்ளிகளின் கணித, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கூடுதலாகத் தந்தது. வேலையை விட்டுப் போவது சுமார் 17 சதவீதம் குறைந்தது. பலன் தெரிந்தும் மூன்றே ஆண்டில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பணத்தை நம்பும் வழிக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு.

அடுத்தது, நன்றாகப் படித்த பட்டதாரிகளுக்குக் குறுகிய பயிற்சி தந்து நேரே வகுப்புக்கு அனுப்புவது. டீச் ஃபார் அமெரிக்கா என்ற அமெரிக்க அமைப்பு 1990 முதல் இதைச் செய்கிறது. பாட அறிவில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. 2013-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கணிதத்தில் இவர்களுடைய மாணவர்கள் சற்று முன்னேயே இருந்தார்கள். ஆனால் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள்தான். பலர் வகுப்பைக் கையாளப் பழகிய நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

திரைவழிப் பாடம்? மெக்சிகோவில் 1968 முதல் டெலிசெகுந்தாரியா பள்ளிகள் தொலைக்காட்சிப் பாடத்தையும், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே ஆசிரியரையும் வைத்து நடக்கின்றன. பள்ளியே எட்டாத கிராமங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பல்புக் கேள்வி திரையின் காதில் விழாது.

எனக்கு நம்பிக்கை தருவது நான்காவது வழி: ஏற்கெனவே வகுப்பில் நிற்பவரை அந்தப் பாடத்திலேயே முறையாகப் படிக்கவைப்பது. அயர்லாந்தில் கணிதம் நடத்தியவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கணிதம் கற்பிப்பதற்கான தகுதி இல்லை என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே அதை மூடி மறைக்கவில்லை. லிமெரிக் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்த, 2012-ல் இரண்டு ஆண்டுப் பகுதிநேரப் பட்டயப் படிப்பு கட்டணமில்லாமல் தொடங்கியது. இப்படிப் படிப்பவர் பிள்ளைகளை ஏற்கெனவே அறிந்தவர். படிப்பு முடிந்தும் பெரும்பாலும் அதே பள்ளியில் இருப்பார். மெதுவான வழிதான். ஆனால் மற்ற மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அந்த உயிரியல் ஆசிரியரின் சந்தேகம் அப்படியே இருக்கும். இதில்தான் அது தீரும்.

அப்புறம், ஒரு நிபந்தனை. படிக்கும் இரண்டு வருடமும் அவருக்குப் பாடவேளைகளைக் குறைக்க வேண்டும். நாள் முழுக்க வகுப்பெடுத்து, விடைத்தாளும் திருத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து வகையிடல் கணக்குப் போடு என்றால் எப்பேர்ப்பட்ட ஆசிரியரும் பாதியில் நிறுத்திவிடுவார்.