வேன் குளியல்: பை, பம்ப், கேஸ் ஹீட்டர் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

அமெரிக்காவில் வீட்டு ஷவர் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2.5 காலன், ஏறத்தாழ 9.5 லிட்டர்தான் கொட்டலாம் என்பது 1994 முதல் உள்ள விதி. டிரான்சிட், புரோமாஸ்டர், ஸ்பிரின்டர் போன்ற வேன்களை வீடாக மாற்றி வாழும் பலர் வைக்கும் டேங்க் 20 காலன், அதாவது 75 லிட்டர். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதிலிருந்துதான். வீட்டு ஷவரை அப்படியே மாட்டினால் 8 நிமிடத்தில் டேங்க் காலி. ஆகவே எந்த வேன் ஷவரையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும்: ஒரு குளியலுக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது, குளித்த தண்ணீர் எங்கே போகிறது. விற்பவர்கள் பெரிதாகப் பேசும் சூடு அதற்கப்புறம்தான். 10 லிட்டரை 20 டிகிரி சூடாக்க 230 வாட் அவர் மின்சாரம் போதும். கேஸ் என்றால் 25 கிராமுக்குள் வேலை முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் முதலிடம் யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் சின்ன பம்ப் ஷவருக்கு. 30 முதல் 50 டாலர். வாளித் தண்ணீரில் மூழ்கவைக்கும் பம்ப், ஒன்றரை இரண்டு மீட்டர் ஹோஸ், ஷவர் தலை, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் தருகிறது. உடம்பை நனைத்து, பம்ப்பை நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி ஓடவிட்டு அலசினால் 7–8 லிட்டரில் ஒருவர் குளித்துவிடலாம். நீளமான கூந்தல் என்றால் இன்னும் 4 லிட்டர்.

சூட்டுக்கு ஹீட்டர் வேண்டாம், கெட்டில் போதும். தொட்டித் தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் 8 லிட்டரோடு கொதிக்கும் தண்ணீர் 2 லிட்டர் சேர்த்தால் 40 டிகிரி வரும். 10 டிகிரி குளிர்நீர் என்றால் 6.7 லிட்டருக்கு 3.3 லிட்டர் கொதிநீர். முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகு கொதிநீரைக் கலந்து, கிளறி, முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்பே பம்ப்பை உள்ளே போட வேண்டும். கொதிநீரில் நேராகப் போட்டால் மூடியின் ரப்பர் நெகிழ்ந்து பேட்டரி அறைக்குள் தண்ணீர் இறங்கும். இந்த வகை பம்ப்புகள் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஒன்று இது, இன்னொன்று சார்ஜ் துளையின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விடுவது. தண்ணீர் மெலிந்து வந்தால் அடியிலுள்ள சல்லடையைத் திறந்து பாருங்கள்; மணலும் முடியும் சேர்ந்திருக்கும். பம்ப் ஓடும் சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. நீருக்குள்ளேயே சாய்த்துக் குலுக்கினால் போய்விடும். ஷவர் தலையைக் கதவில் ஒட்ட வரும் உறிஞ்சுக்குமிழை நம்பாதீர்கள், தூசி படிந்த பெயின்ட்டில் அது நிற்காது. 5 டாலர் காந்தக் கொக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் டிரான்சிட்டின் பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் ஒட்டாது, இரும்புத் தகட்டில்தான் மாட்ட வேண்டும்.

வாளியும் சொம்புமாக வளர்ந்தவர்களுக்கு இந்த பம்ப்கூட ஆடம்பரம்தான். வேனுக்கு வெளியே குளித்தால் சொம்பே போதும். உள்ளே ஒரு தட்டில் நின்று குளிக்கும்போது சொம்புத் தண்ணீர் மரப்பலகையில் தெறிக்கும், அங்கேதான் பம்ப் தேவைப்படுகிறது. சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெய்க் குளியல் என்றால் இரண்டு வாளி வேண்டும், தூளும் சல்லடையை அடைக்கும். அதை ஷவர் வசதியுள்ள ஜிம்முக்கு ஒத்திவைப்பது நல்லது.

கறுப்பு சோலார் பை 15 டாலருக்குக் கிடைக்கும், கெட்டுப்போக மின்சாரப் பகுதி எதுவும் இல்லை. 10 லிட்டர் பை நல்ல உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளிக்கும் சூட்டுக்கு வரும். அரிசோனா கோடையில் அளவு மீறிவிடும். கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்க்காமல் தலையில் திறக்கக் கூடாது. ஒருபக்கம் தெளிவாக இருக்கும் பையை அந்தப் பக்கம் வானம் பார்க்கக் கிடத்த வேண்டும். 10 கிலோவைத் தலைக்கு மேலே தொங்கவிடுவதுதான் சிக்கல்: சூடேறிய பிளாஸ்டிக் கைப்பிடித் தையலில்தான் கிழிகிறது. பையின் அடியில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதில் எடையைத் தாங்கவிட்டால் ஆயுள் கூடும். காலால் அழுத்தும் பம்ப் உள்ள நெமோ ஹீலியோ போன்ற பைகளைத் தரையிலேயே வைக்கலாம், தொங்கவிடும் தொல்லை இல்லை. விலை பல மடங்கு. மழை நாளிலும் மாலை ஆறு மணிக்கு மேலும் இரண்டுமே பச்சைத் தண்ணீர்ப் பைகள்தான்.

கூரைமேல் மாட்டும் குழாய் டேங்க்கில் யக்கீமா ரோட்ஷவர் பெயர் பெற்றது, 4, 7, 10 காலன் அளவுகளில் வருகிறது. அலுமினியம், காற்றடித்து அழுத்தம் ஏற்றலாம், நன்றாக உழைக்கும். 7 காலன் என்றால் தண்ணீர் மட்டுமே 26 கிலோ என்பதைக் கூரைக் கம்பியின் தாங்குதிறனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதையே கடையில் வாங்கிய 4 அங்குல ஏபிஎஸ் பிளாஸ்டிக் கழிவுக்குழாயில் செய்துகொள்பவர்கள் உண்டு. 10 அடி நீளத்தில் 25 லிட்டர் கொள்ளும். அதில் கம்பிரஸர் காற்றை ஏற்றாதீர்கள். சாக்கடைக்கான அந்தக் குழாய் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. வெடித்தால் ஆபத்து. உயரத்தின் அழுத்தம் மட்டும் போதும் என்று இருந்தால் பாதகமில்லை.

கேஸில் உடனடி வெந்நீர் தரும் பெட்டிகளில் எக்கோடெம்ப் எல்5, கேம்பிளக்ஸ் 5 லிட்டர் இரண்டும் அதிகம் விற்பவை. குளிரில் தொடர்ந்து இருப்பவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது நியாயமான செலவு. எல்5இன் சூடாக்கும் திறன் மணிக்கு 37,500 பிடியு (வெப்ப அலகு), சுமார் 11 கிலோவாட். முழு ஓட்டத்தில் தண்ணீரை 24 டிகிரி அளவுக்கு உயர்த்தும். அதாவது 5 டிகிரி தண்ணீர் 29 டிகிரிதான் ஆகும், ஓட்டத்தைக் குறைத்தால்தான் சூடு கூடும். இங்கேதான் இந்தப் பெட்டிகளின் வம்பு ஆரம்பிக்கிறது. ஓட்டம் ஓரளவுக்குக் கீழே போனால் தீ தானாக அணைந்துவிடும். தண்ணீர் மிச்சம் பிடிக்கும் ஷவர் தலையை மாட்டியவுடன் பலர் “ஹீட்டர் ரிப்பேர்” என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். எல்5க்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) நீரழுத்தமும் வேண்டும், ஆகவே வாளி பம்ப் உதவாது. ஷர்ஃப்ளோ 55 பிஎஸ்ஐ போன்ற, டேங்க்கிலிருந்து அழுத்தத்தோடு தள்ளும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் தேவை. அந்த பம்ப் அழுத்தம் நிரம்பியதும் நின்று, குறைந்ததும் ஓடும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தீயும் தடுமாறி, ஷவரில் சூடும் குளிரும் மாறி மாறி வரும். பம்ப்புக்கும் ஹீட்டருக்கும் நடுவே அக்குமுலேட்டர் எனும் சின்ன அழுத்த டேங்க் ஒன்றை மாட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

சோப்புப் போட நிறுத்திவிட்டு மறுபடி திறக்கும்போது, உள்ளே செப்புச் சுருளில் தங்கிய தண்ணீர் சுடச்சுட முதலில் வரும். ஐந்தாறு விநாடி அதை வாளியில் விட்டுவிடுங்கள். பொறி வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டு டி அளவு பேட்டரிகளை. நிமிடத்துக்கு 14 கிராம் புரொப்பேன் எரிவதால் பச்சை நிற ஒரு பவுண்டு குப்பி இரண்டு மூன்று நிமிடத்திலேயே உறைபனி பூத்து அழுத்தம் குறையும். 20 பவுண்டு சிலிண்டர் வையுங்கள். உறையும் இரவுக்கு முன் அடியிலுள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடிக்காவிட்டால் செப்புச் சுருள் பிளந்துவிடும், அதற்கு ரிப்பேர் கிடையாது. இவை வெளியே மாட்டுவதற்கு மட்டும். ஜன்னலைத் திறந்துவைத்து வேனுக்குள் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது.

உள்ளே குளிக்க வேண்டுமென்றால் முறையாகப் புகைக்குழாய் வைத்த ட்ரூமா காம்பி போன்ற ஹீட்டர் அமைப்புதான் சரி. அதன் கொதிகலன் 10 லிட்டர். 60 டிகிரிக்கு ஏறிய தண்ணீரை 15 டிகிரி நீரோடு கலந்தால் 40 டிகிரியில் 18 லிட்டர், இருவருக்குப் போதும். சுமார் 3 டிகிரிக்கு இறங்கும்போது அதன் உறைபனி வால்வு தானே திறந்து டேங்க்கை வடித்துவிடும். காலையில் தண்ணீர் காணாமல் போனால் ஓட்டை என்று பயப்பட வேண்டாம். ஆனால் விலையும் மாட்டும் கூலியும் பல ஆயிரம் டாலர். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டால் தண்ணீரைச் சூடாக்கும் முறை மலிவு. அதில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால் குளிர்நீரைக் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கலவை வால்வு இல்லாமல் மாட்டவே கூடாது. நிரந்தர ஷவர் அறைக்கு 60 சென்டிமீட்டர் சதுரமாவது போகும். இருவர் வாழும் வேனில் அந்த இடத்துக்கு அலமாரியே மேல் என்பது என் கட்சி.

காசு கொடுத்துக் குளிக்கும் இடங்களில் பிளானட் ஃபிட்னஸ் ஜிம்மின் பிளாக் கார்டு எனும் உறுப்பினர் அட்டைக்கு மாதக் கட்டணம் உண்டு, வருடக் கட்டணம் தனி. மலிவான கிளாசிக் உறுப்பினர் அட்டை சேர்ந்த கிளையில் மட்டுமே செல்லும், பயணிகளுக்கு அது வீண். லவ்ஸ், பைலட் போன்ற டிரக் ஸ்டாப்புகளில் (நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்கள் நிறுத்தும் இடங்கள்) ஒரு குளியல் பெரும்பாலும் 12 முதல் 18 டாலர்: தனியறை, பூட்டு, துண்டு, அளவில்லாத வெந்நீர். வாரம் ஒருமுறை தலைமுழுக இதுவே சிறந்தது.

குளித்த தண்ணீர் விஷயத்தில் தேசியப் பூங்காக்கள் கறார். அதைத் தரையில் கொட்டக் கூடாது, கழிவுநீர் ஊற்றும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிஎல்எம் எனும் அமெரிக்க அரசின் நில மேலாண்மை அமைப்பின் பொதுநிலத்தில் கழுவிய தண்ணீருக்கு விலக்கு உண்டு என்றாலும் உள்ளூர் உத்தரவு அதைத் தடுக்கலாம், பலகையைப் படியுங்கள். ஓடை, குளத்திலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரே இடத்தில் கொட்டாமல் விசிறி ஊற்ற வேண்டும். “மக்கும் சோப்பு” என்று போட்டிருப்பது மண்ணில் மக்கும் என்ற பொருளில்தான், நேராக ஓடையில் கரைக்க அனுமதி இல்லை. உள்ளே நின்று குளிக்க, சிமென்ட் கலக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஹார்டுவேர் கடையில் 20 டாலருக்குள் கிடைக்கும். 10 லிட்டரை வசதியாகக் கொள்ளும், குளித்ததும் கவிழ்த்து ஊற்றிவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.