பழைய திங்க்பேட் டி470: முழுக்கத் துடைத்து லினக்ஸ் மின்ட் போட்ட பிறகு

கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் நிறையவே கிடைக்கும். நான் வாங்கியது திங்க்பேட் டி470, ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். "ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் 10 போட்டிருக்கோம் சார், அப்படியே யூஸ் பண்ணலாம்" என்று கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக தினமும் இதில்தான் வேலை. ஆனால் அந்த 'ஃப்ரெஷ்' விண்டோஸை மட்டும் யாரும் நம்பவேண்டாம்.

ஆக்டிவேஷன் எதுவரை என்று பார்த்தால், ஆறு மாதத்துக்குள் முடியும் ஒரு தேதியைக் காட்டியது. பெரிய அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசன்ஸ்தான் இப்படி 180 நாள் கணக்கில் ஓடும். தனி ஆளுக்கு விற்ற மெஷினில் அது இருந்தால் பெரும்பாலும் கிராக்தான், அதாவது திருட்டு ஆக்டிவேஷன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் வேறு ஒரு ஃபோல்டரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதாவது, வைரஸ் ஸ்கேன் அந்தப் பக்கமே போகாது. இதில் உட்கார்ந்து நெட் பேங்கிங் பாஸ்வேர்டை யார் அடிப்பது? வேடிக்கை என்னவென்றால், கிராக்குக்கு அவசியமே இல்லை. விண்டோஸோடு விற்கப்பட்ட இந்த மாதிரி மெஷின்களில் ஒரிஜினல் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 10-ஐப் போட்டுப் பார்த்தேன். நெட் இணைத்ததும் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

ஆனால் ஏழாம் தலைமுறை சிப்புக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவும் நின்றுவிட்டது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம். 2029 வரை அப்டேட் வரும். பென்டிரைவில் ஏற்றி, எஃப்12 அழுத்தி பூட் செய்து, முதலில் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சிப் சேமிப்பகம்) முழுவதற்கும், இருப்பதையெல்லாம் கழித்துவிடச் சொல்லும் டிஸ்கார்ட் கட்டளை கொடுத்தேன். சில நொடி வேலை. பழைய தகவலை அழிக்க டிஸ்க்கைப் பலமுறை சுழியத்தால் நிரப்பும் பழக்கம் ஹார்டு டிஸ்க் காலத்தது. எஸ்எஸ்டி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பகுதிக்கு அது போய்ச் சேராது, தேய்மானம்தான் மிச்சம்.

வைஃபை, சவுண்டு, பிரின்டர் எல்லாம் போட்டதுமே ஓடின. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்ச ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்கள் போதும். கைரேகை சென்சார் மட்டும் இன்றுவரை சும்மா கிடக்கிறது. நண்பர்கள் அனுப்பும் வேர்டு ஃபைல்களில் அட்டவணைகள், எம்எஸ் ஆஃபிஸுக்குப் பதிலான இலவச லிப்ரே ஆஃபிஸில் அவ்வப்போது இடம் மாறும், பழகிவிட்டது. இந்த மாடலில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி. வெளிப்பேட்டரியைக் கழற்றி மாற்றுவது சுலபம், நானும் மாற்றிவிட்டேன்.

துடைத்தாலும் போகாதவை இரண்டு உண்டு. ஒன்று பயாஸ் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) மீது போட்டிருக்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு: கடையிலேயே மெஷினை ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கம்பெனிகள் தங்கள் மெஷின்களை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கும் விண்டோஸ் ஆட்டோபைலட். பழைய கம்பெனி தன் கணக்கிலிருந்து மெஷினை நீக்காமல் விட்டிருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டு நெட் இணைத்ததும் அந்தக் கம்பெனி லாகினைத்தான் கேட்கும். இது கடையில் நின்றபடி தெரியாது. அதனால் விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள், ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.