உகாண்டாவா, பாலஸ்தீனமா? 1903-இல் சியோனிஸ்டுகள் முன் இருந்த இரண்டு வழிகள்

1903 ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் நடந்த யூத எதிர்ப்புக் கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் உடனே தேவைப்பட்டது. ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூடிய, யூதர்களுக்குத் தாயகம் தேடிய சியோனிச இயக்கத்தின் ஆறாவது மாநாட்டில், கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தர பிரிட்டன் தயார் என்று இயக்கத் தலைவர் ஹெர்சல் அறிவித்தார். பெயர்தான் உகாண்டா திட்டம், இடம் இன்றைய கென்யாவின் மேட்டுநிலம்.

ஆப்பிரிக்காவின் பலம், கொடுக்க ஒரு வல்லரசு முன்வந்தது. பாலஸ்தீனமோ ஒட்டோமான் சுல்தானிடம் இருந்தது, அவர் இசையவில்லை. சரி, ஆனால் தலைமுறை தலைமுறையாக ஜெருசலேம் நோக்கித் தொழுதவர்களுக்கு அந்த மேட்டுநிலத்தோடு என்ன உறவு? அந்த நிலத்தைப் பார்க்க ஆய்வுக்குழு அனுப்பலாமா என்று மாநாட்டில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 295, எதிர்ப்பு 178. ரஷ்யப் பிரதிநிதிகள் பலர் வெளியேறினார்கள், சிலர் அழுதார்கள். கிஷினேவிலிருந்து வந்தவர்களே எதிர்த்ததுதான் என்னை உலுக்குகிறது.

இரண்டுமே காலி நிலம் அல்ல. அங்கே மாசாய், நாண்டி மக்கள். இங்கே பாலஸ்தீன அரபுகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. இரு திட்டங்களுக்கும் பொதுவான பெரிய குறை இது.

1905-இல் ஏழாவது மாநாடு உகாண்டாவைக் கைவிட்டது. எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் இயக்கத்திலிருந்து பிரிந்துபோய் வேறு நிலம் தேடினார். 1903-இல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த பால்ஃபர்தான், 1917-இல் வெளியுறவு அமைச்சராகப் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைவதை ஆதரிக்கும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.