சிம்லிங்க் பிடிக்கும், ஆனால் அந்த இரட்டைப் புள்ளி

லினக்ஸில் வேலைக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோமில் (சுருக்கமாக ~) ஒரு சிம்லிங்க் (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழி) மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்டார். பல வருடமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். டிஸ்க் மாறினால் லிங்க்கைத் திருப்பிவிட்டால் போதும், ஒரு ஸ்கிரிப்டைக்கூடத் தொட வேண்டியதில்லை. ப்ராம்ப்டிலும் (கட்டளை தட்டும் வரியின் தொடக்கம்) ~/வேலை என்று சுருக்கமாக நிற்கும், நீளமான நிஜப் பாதை வந்து இடத்தை அடைக்காது. இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

எரிச்சல் எல்லாம் ஒரு படி மேலே உள்ள கோப்புறையைக் குறிக்கும் அந்த .. மேல்தான். லிங்க் நிஜத்தில் /டேட்டா/வேலை-யைக் காட்டுகிறது என்று வையுங்கள். ~/வேலை-க்குள் நின்று சிடி .. (சிடி கோப்புறை மாறும் கட்டளை) அடித்தால் ஹோமுக்கு வருவீர்கள். அதே இடத்தில் எல்எஸ் .. (எல்எஸ் உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் கட்டளை) அடித்தால் /டேட்டா-வில் இருப்பது வந்து நிற்கும்! சிடி, நாம் தட்டுவதை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, நாம் வந்த பாதையை நினைவில் வைத்துக்கொண்டு அதன் கடைசித் துண்டை வெட்டுகிறது. எல்எஸ் தனி நிரல், .. என்பதை அப்படியே இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுத்துவிடும், கெர்னலுக்கோ நாம் எந்த லிங்க் வழியாக நுழைந்தோம் என்பது தெரியவே தெரியாது. பார்ப்பதோடு போனால் பரவாயில்லை, அறிக்கை என்ற கோப்பை மேலே நகர்த்த எம்வி அறிக்கை .. என்று கொடுத்தால் கோப்பு /டேட்டா-வுக்குப் போய்விடும், சிடி .. போட்டு ஹோமில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இது பிழை இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். சிடி இப்படி நடக்க வேண்டும் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸே சொல்கிறது, வந்த வழியே திரும்புவதுதான் மனிதருக்கு இயல்பும்கூட. ஆனால் யூனிக்ஸில் சிம்லிங்க் 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற பதிப்போடு வந்தது, இன்னும் ஒரே .. ஒரே டெர்மினலில் இரண்டு இடத்தைக் காட்டுகிறது என்றால் கோபம் வரத்தான் செய்யும். பேஷ் ஷெல்லில் செட் -P (பெரிய எழுத்து P) போட்டால் சிடியும் நிஜப் பாதையையே பிடிக்கும், இசட்ஷெல்லில் அதற்கு சேஸ்_லிங்க்ஸ் என்ற அமைப்பு. குழப்பம் தீரும், ஆனால் எந்தச் சுருக்கமான ப்ராம்ப்டுக்காக லிங்க் பிடித்திருந்ததோ அது போய்விடும்.

சரி, நண்பருக்கு என் பதில்: சிம்லிங்க் வேண்டாம், லினக்ஸ்தானே, பைண்ட் மௌன்ட் (ஒரு கோப்புறையை இன்னொரு இடத்திலும் அப்படியே இணைப்பது) போடுங்கள். ரூட் (நிர்வாகி) அனுமதியும், மௌன்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியும் வேண்டும், அவ்வளவுதான், அப்புறம் சிடிக்கும் எல்எஸ்ஸுக்கும் .. ஹோம்தான். என் லிங்க்கை நான் எடுக்கப் போவதில்லை, கைக்குப் பழகிவிட்டது.