255 போதுமா, 450 வேண்டுமா? ஈவோவின் 4ஜி63 இன்ஜினுக்குப் பம்பும் இன்ஜெக்டரும்

மிட்சுபிஷி லான்சர் ஈவோ 8, 9 வைத்திருப்பவர்கள் பெரிய டர்போ மாட்டியதும் அடுத்து வந்து நிற்பது பெட்ரோல் சப்ளையில்தான். காதில் விழும் பெட்ரோல் பம்புகள் இரண்டு: வால்ப்ரோ 255, வால்ப்ரோ 450. மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பதுதான் அந்த எண். எண் பெரிதாக இருக்கிறதே என்று பலர் 450-ஐ வாங்கிவிடுகிறார்கள். 400 குதிரைத்திறனுக்குள், பெட்ரோலில் மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு 255 தாராளம் என்பேன்.

கணக்கு இதுதான். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 400-க்கு 240 பவுண்டு. அதாவது மணிக்கு ஏறக்குறைய 150 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் 255 லிட்டர் சுமார் 2.75 பார் அழுத்தத்தில் அளந்தது. ஈவோவின் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாய்) அடிப்படை அழுத்தமே சுமார் 3 பார். டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் 1.5 பார் ஏறும்போது, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதையும் சேர்த்து 4.5 பாராக்கும்; இல்லாவிட்டால் இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் அடைத்து நிற்கும் காற்றை மீறிப் பெட்ரோல் அதே அளவில் இறங்காது. அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பானாலும் வரத்து குறையும். அந்த 4.5 பாரிலும் 255 நம் தேவைக்கு மேலேயே கொடுக்கும், வோல்ட் குறையாமல் வந்தால்.

அந்த வோல்ட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பின் சீட்டைத் தூக்கிப் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஐடிலில் வரும் அளவை நம்ப வேண்டாம். லோடு இல்லாதபோது ஈவோ ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பம்புக்கு வேண்டுமென்றே குறைத்துத்தான் கொடுக்கும். முழு லோடில் பேட்டரியில் 13.8 இருந்து, கனெக்டரில் 12-க்குக் கீழே விழுந்தால் மிச்சத்தை மெல்லிய பழைய வயர் தின்கிறது என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், நடுவில் ரிலே. பழைய வயர் ரிலேயைத் தட்டிவிட மட்டும். இந்தச் சின்னச் செலவைச் செய்த 255, கம்பெனி வயரிங்கில் திணறும் பெரிய பம்பைவிட நம்பகமானது.

450 இழுக்கும் கரண்ட் இன்னும் அதிகம். அதற்குப் புது வயரிங் போட்டே ஆக வேண்டும். அதோடு முடியாது. ஐடிலில் இன்ஜின் கொஞ்சம்தான் குடிக்கும், மீதி எல்லாம் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். பழைய ரெகுலேட்டரின் சின்னத் துளை அவ்வளவையும் விடாது. ஐடிலில் அழுத்தம் ஏறி, பெட்ரோல் அதிகமாகி ரிச்சாக ஓடும். அப்போது அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரும் வாங்க வேண்டிவரும்.

ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போல பங்கிலேயே ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) கிடைக்கும் ஊரென்றால் என் வாக்கு மாறும். எத்தனால் கலவைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அளவு வேண்டும். 150 லிட்டர் 200 ஆகிவிடும். 255 அங்கே விளிம்பில் நிற்கும், ஈ85-க்காகச் செய்யப்பட்டதும் அல்ல. 450 அதற்கென்றே வந்தது. நடுவில் ஏஇஎம் கம்பெனியின் 340 லிட்டர் பம்ப் இருக்கிறது. பெட்ரோலில் 450 குதிரைத்திறன் தேடுவோர் அதைப் பார்க்கலாம்.

இன்ஜெக்டரில் எனக்குத் தயக்கமே இல்லை. ஈவோ 9-இல் வருவது நிமிடத்துக்கு 560 சிசி தரும் இன்ஜெக்டர். 80 சதவீத ட்யூட்டி சைக்கிளில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) 400 குதிரைத்திறனுக்கு ஒவ்வொன்றும் 790 சிசி அளவில் தர வேண்டும். இன்ஜெக்டர் டைனமிக்ஸின் ஐடி1050எக்ஸ் ஒரு பக்கம், பேர் தெரியாத மலிவு 1000 சிசி செட் மறுபக்கம். முழு பூஸ்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஐடிலில் வண்டவாளம் தெரிந்துவிடும். திறந்திருக்கும் நேரம் இரண்டு மில்லிசெகண்டுக்கும் கீழே போகும்போது மலிவு செட்டில் நாலும் நாலு விதமாக ஊற்றும். எந்த வோல்ட்டில் எவ்வளவு தாமதமாகத் திறக்கும் என்ற டேட்டா ஐடி செட்டுக்குக் கிடைக்கும்; ட்யூனர் அதை ஈசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். மலிவு செட்டில் அவர் ஊகித்து ஊகித்தே நேரம் போகும், அந்த டைனோ (வண்டியின் பவரை அளக்கும் மேடை) வாடகையில் விலை வித்தியாசம் கரைந்துவிடும். ஐடி ஹை இம்பீடன்ஸ் (மின்தடை அதிகம்) என்பதால், இன்ஜெக்டருக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் ஈவோவின் ரெசிஸ்டர் பாக்ஸை பைபாஸ் செய்ய மறக்கக் கூடாது.

எந்தப் பம்ப் போட்டாலும் டேங்குக்குள் மூழ்கியிருக்கும் அந்தச் சின்ன ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கவே செய்த ஜே30ஆர்10 ரகமாக இருக்கட்டும். சாதாரண இன்ஜெக்ஷன் ஹோஸ் வெளிப்பக்கம் பெட்ரோலில் ஊறினால் உப்பிப் பிளந்துவிடும். பம்ப் நன்றாகவே ஓடும், ரெயிலில் மட்டும் அழுத்தம் இருக்காது.