தனித் தொட்டிக்கு ஹன்னா காப்பர் மீட்டர்

கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து தனித் தொட்டி வைக்கிறீர்களா? மருந்தோடு சேர்த்து, தண்ணீரில் உள்ள தாமிரத்தை (காப்பர்) அளக்கும் ஹன்னா நிறுவனத்தின் ஹெச்ஐ702 மீட்டரையும் வாங்கிவிடுங்கள். கீலேட் வகைத் (தாமிரம் வேறு சேர்மத்தோடு பிணைந்திருக்கும்) தாமிர மருந்தைப் பொதுவாக 2 முதல் 2.5 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) 30 நாள் விடாமல் பிடித்து வைக்க வேண்டும், குறைந்தால் ஒட்டுண்ணி தப்பிவிடும், கூடினால் மீன் இரை எடுப்பதையே நிறுத்திவிடும். முன்பு நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கிட்டை நம்பி, அளவு இறங்கியது தெரியாமலே என் யெல்லோ டேங் மீனை இழந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த ஹன்னா மீட்டர் 5 பிபிஎம் வரை எண்ணாகவே காட்டுகிறது. தண்ணீர் மாதிரி எடுத்து மீட்டரில் வைக்கும் குப்பியில் கைரேகையோ குமிழியோ இருந்தால் அளவு மாறும், அதனால் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். அப்புறம், தொட்டியில் பவளக்கல்லும் மணலும் வேண்டாம், தாமிரத்தை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகளும் போதும். மீன் கழிவால் சேரும் அம்மோனியாவுக்குத் தனிச் சோதனை கட்டாயம். ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரிலும் அதே பிபிஎம் அளவு வரும்படி மருந்து கலந்து, ஊற்றிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.