பழைய ரீலும் பட்டாளத்தார் நினைவும்: எந்தப் பாணி நம் ஊருக்கு ஒத்துவரும்?

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914–18 பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. கல் சொல்வது எண்ணிக்கையைத்தான். எந்த முனைக்குப் போனார்கள், என்ன பார்த்தார்கள், திரும்பி வந்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

இன்று அந்த நிலைமை இல்லை. கம்மவான்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1971-இல் இருபது வயதில் போருக்குப் போனவர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். அமைதிப்படையில் இலங்கை போனவர்களில் இளையவர்களே அறுபதை ஒட்டி நிற்கிறார்கள். கேமராவும் எல்லார் கையிலும் இருக்கிறது. "பெரியவரைப் பேச வைப்போம், நடுநடுவே பழைய போர்க் காட்சியை, அதாவது ரீலைப் போடுவோம்" என்று யாரும் கிளம்பிவிடலாம். அந்த "நடுநடுவே போடுவது" எப்படி என்பதில்தான் படம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. உலக ஆவணப்படங்களில் இதற்கு நான்கு பாணிகள் இருக்கின்றன. நான்கும் நமக்குச் சமமாகப் பயன்படாது.

விவரிப்புக் குரலும் நேர் சாட்சியும்

இதற்கு அளவுகோல் பிரிட்டனின் தேம்ஸ் டெலிவிஷன் எடுத்த இரண்டாம் உலகப் போர்த் தொடர் 'தி வேர்ல்ட் அட் வார்'. 1973 அக்டோபர் 31-இல் ஒளிபரப்பு தொடங்கியது. 26 பகுதிகள், தயாரிப்பு ஜெரமி ஐசக்ஸ், விவரிப்பு லாரன்ஸ் ஒலிவியே. பர்மா போருக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் பலம் ஆள் தேர்வு. பெரிய தலைகளைத் துரத்துவதை விட அவர்கள் பக்கத்தில் நின்ற உதவியாளர்கள், செயலாளர்கள், சாதாரணச் சிப்பாய்கள், ஊர்ப் பெண்கள் ஆகியோரைத் தேடிப் பிடித்தார்கள். ஹிட்லரின் செயலாளராக இருந்த டிராடல் யுங்கே அதில் பேசுகிறார். ஆள் முகம் திரையில் தெரியும், கீழே பெயரும் அன்றைய பொறுப்பும் வரும். ரீல் வரும்போது முகம் விலகிவிடும். எது அவர் கண்ணால் கண்டது, எது ஆவணம் என்ற கோடு பார்ப்பவருக்குக் குழம்பாது.

பலவீனம் விவரிப்புக் குரல்தான். ஒலிவியேவின் குரலும் அளந்து எழுதிய வசனமும் சேர்ந்ததால் அங்கே அது நின்றது. நம் ஊரில் இதே பாணியில் எடுக்கும்போது பெரும்பாலும் கம்பீரக் குரலில் "வீரத்தின் விளைநிலம்" என்று ஆரம்பிக்கிறார்கள்; பெரியவர் வாய் திறப்பதற்குள் படம் பாதி முடிந்துவிடுகிறது. 30 நிமிடப் படத்தில் விவரிப்பு 4 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தேதி, இடம், எதிரே யார் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

குரல் மட்டும், முகம் இல்லை

பீட்டர் ஜாக்சனின் 'தே ஷால் நாட் குரோ ஓல்டு' 2018-இல் வந்தது. முதல் உலகப் போர் ரீல் சுமார் 100 மணி நேரமும், போருக்குப் போனவர்களின் ஒலிப்பதிவு சுமார் 600 மணி நேரமும் அதற்கு மூலப்பொருள். விவரிப்பாளர் கிடையாது, தேதி கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. கையால் சுற்றிய கேமராவில் விநாடிக்குப் பத்திலிருந்து பதினெட்டு வரை ஏறி இறங்கிய பிரேம்களை 24-க்குக் கொண்டுவந்து, வண்ணம் ஏற்றி, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்து, நடிகர்களைக் கொண்டு பேச வைத்தார்கள். பார்த்ததும் மனம் அதிர்கிறது; அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதைப் பார்த்து நாமும் அப்படியே செய்யலாம் என்று இறங்குவதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. அந்தப் படத்தில் பேசும் ஆளும் திரையில் தெரியும் ஆளும் வேறு வேறு. மேற்கு முனையில் ஒரு பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் பொதுவான அன்றாடம் என்று எடுத்ததால் அது அங்கே செல்லும். அதே உத்தியை கணியம்பாடிக்காரர் ஒருவரின் கதைக்குப் போட்டால், திரையில் ஓடும் பஞ்சாபிச் சிப்பாயை அவர்தான் என்று பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

நேர்ச் சண்டைக்கு ரீலே இல்லாத இடத்தில் ஜாக்சன் அந்தக் காலத்துப் போர்ப் பத்திரிகையின் ஓவியங்களைப் போட்டார், பொய்யான காட்சியைத் திணிக்கவில்லை. அவரிடம் கற்க வேண்டியது அதுதான்.

வண்ணமேற்றும் செயலிகள் இப்போது போனிலேயே கிடைக்கின்றன. கறுப்பு வெள்ளையில் காக்கியும் காட்டுப் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். பர்மா போரின்போது இந்தியப் படை காக்கியை விட்டுப் பச்சைக்கு மாறியது. செயலிக்கு அது தெரியாது. தெளிவாக்கும் மென்பொருள் இன்னும் மோசம். மங்கிய முகத்துக்கு இல்லாத மூக்கையும் கண்ணையும் அதுவே வரைந்துவிடும், தோள்பட்டை எழுத்தை அர்த்தமில்லாத கிறுக்கலாக்கிவிடும். வீட்டில் இருக்கும் ஒரே படத்துக்கு அதைச் செய்தால் குடும்பத்துக்கே அந்த முகம் அந்நியமாகிவிடும்.

இரு தரப்பையும் கேட்பது

கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் 2017-இல் தந்த 'தி வியட்நாம் வார்' 10 பகுதிகள், 18 மணி நேரம். விவரிப்புக் குரலும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. ஆனால் நாற்காலியில் வடவியட்நாம் சிப்பாயும், தென்வியட்நாம் அதிகாரியும், அமெரிக்கக் கடற்படை வீரரும், போர் எதிர்ப்பாளரும், மகனை இழந்த தாயும் மாறி மாறி உட்காருகிறார்கள். ஒரே சண்டையை இரு பக்கத்திலிருந்தும் கேட்கும்போது ரீலின் அர்த்தமே மாறுகிறது. இதற்கு நேரமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

ரீலே வேண்டாம்

யூத இனப்படுகொலை பற்றிய கிளாட் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985) ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். பழைய காட்சி ஒரு துண்டுகூட இல்லை. பேசும் முகமும் இன்றைய இடமும்தான். ரீல் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய தைரியம் தரும். ஆனால் 20 வயது மாணவர் எடுக்கும் முதல் படத்தில், ரீலின் துணையில்லாமல் பார்ப்பவரை உட்கார வைப்பது கடினம். முழுப் படமாக இல்லாமல், படத்துக்குள் ஒரு பத்து நிமிடம் இப்படிச் செய்யலாம்.

ரீல் எங்கே ஏமாற்றும்

இரண்டாம் உலகப் போரில் களத்துக்குப் போன ஐமோ கேமராவில் 35 மி.மீ. சுருள் 100 அடிதான் பிடிக்கும். 24 பிரேம் வேகத்தில் அது 67 விநாடியில் தீர்ந்துபோகும். படம் எடுப்பவர் சுருளை மாற்றும்போது சண்டை காத்திருக்காது. அதனால்தான் அசல் சண்டை ரீல் குறைவு, பயிற்சியிலும் பின்வரிசையிலும் எடுத்தது அதிகம். 1916-இன் 'பேட்டில் ஆஃப் தி சோம்' படத்தில் சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் புகழ்பெற்ற துண்டு செட்டப் செய்து எடுத்தது. அதை நூறு ஆண்டுகளாக அசல் என்று போடுகிறார்கள். ஒலியும் அப்படித்தான்: அந்தக் காலக் களரீல் பெரும்பாலும் ஊமை. நீங்கள் கேட்கும் குண்டுச் சத்தம் பின்னால் சேர்த்தது.

இன்னொன்று இடவல மாற்றம். பிபிசியின் 1964 'தி கிரேட் வார்' தொடரில் நேச நாட்டுப் படை ஒரு திசை, ஜெர்மானியர் எதிர்த்திசை என்று தெரிவதற்காகச் சில துண்டுகளைக் கண்ணாடிபோல் புரட்டிப் போட்டார்கள், குறையும் எழுந்தது. இணையத்தில் கிடைக்கும் துண்டுகளில் இது இன்னும் சகஜம். பதக்கம் வலது மார்பில் தெரிந்தால், துப்பாக்கியின் போல்ட் இடப்பக்கம் இருந்தால், பலகை எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் அது புரட்டியது.

போர்களைக் குழப்புவது நம் பக்கத்து நோய். 1965 கதைக்கு விஜயந்தா டாங்கி ஓடினால் அது தவறான ரீல். ஆவடியில் கட்டிய அந்த டாங்கி அந்தப் போர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. 1971 என்றாலே டிசம்பர் 16 டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்திடும் காட்சியைப் போட்டுவிடுகிறார்கள். பெரியவர் இருந்தது ராஜஸ்தான் எல்லையாக இருக்கும்.

இதைத் தவிர்க்கத் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பதக்கம் பேசும். பூர்வி ஸ்டார் என்றால் 1971-இன் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் அதே போரின் மேற்கு முனை. சமர் சேவா ஸ்டார் 1965. ஆபரேஷன் விஜய் ஸ்டார் கார்கில். தாத்தாவின் அப்பாவுடையது பர்மா ஸ்டாராக இருந்தால் கதை இன்னும் பின்னே போகும். படையிலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் யூனிட்டும் தேதியும் இருக்கும். 1989-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு அதில் 'வட ஆற்காடு' என்றுதான் மாவட்டம். இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைக்காரர்களும் அதற்குள் அடக்கம். ஆவணக் காப்பகத்தில் 'வேலூர்' என்று மட்டும் தேடினால் பாதி ஆள் தப்பிவிடும்.

முதலில் கேளுங்கள், பிறகு காட்டுங்கள்

எந்தப் பாணியானாலும் இந்த வரிசை மாறக் கூடாது. முதல் அமர்வில் ரீலைக் காட்டவே கூடாது. காட்டிவிட்டால் திரையில் பார்த்ததை அவர் தன் நினைவோடு சேர்த்துவிடுவார். அது பொய் இல்லை, மனித மனம் அப்படி. முதல் நாள் வெறும் பேச்சு. இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டாம் அமர்வில் மடிக்கணினியில் ரீலைப் போட்டு, அவர் முகத்தைப் பதிவு செய்யுங்கள். "இது எங்க பட்டாலியன் இல்ல தம்பி, தொப்பியப் பாரு" என்று அவர் மறுக்கும் நொடி, படத்தின் உயர்ந்த நொடியாக இருக்கும். அதை வெட்டாதீர்கள்.

கேள்வியும் முக்கியம். "எப்படி உணர்ந்தீங்க?" என்றால் "நாட்டுக்காகப் போனோம்" என்ற பதில்தான் வரும். "ஐயா, அன்னைக்குக் காலையில இன்னா சாப்டீங்க?", "ஷூ ஈரமா இருந்துச்சா?", "வீட்டுக்குக் கடுதாசி எப்ப போட்டீங்க?" என்று கேட்டால் இடமே கண்முன் வரும். வீட்டு அம்மாவையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். தந்தி வந்த நாளும் மணியார்டர் நின்ற மாதமும் அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் தேர்வு

1965, 1971, கார்கில் கதைகளுக்கு முதல் பாணி. முகம், பெயர், குறைந்த விவரிப்பு, ரீல் தனியே. கார்கில் தொலைக்காட்சியில் ஓடிய போர். ரீல் மலையாகக் கிடைக்கும், அதனாலேயே கைக்கு வந்ததைப் போடும் ஆசையும் அதிகம்.

அமைதிப்படைக்கு மட்டும் மூன்றாம் பாணியைத் தவிர வேறு வழியில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் தொடங்கி 1990 மார்ச் 24-இல் கடைசிப் படை திரும்பும் வரை, தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நின்றார். மொழி தெரிந்ததால் மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். எதிரே அழுதவர்கள் சொன்னது அவருக்கு மட்டும் முழுதாகப் புரிந்திருக்கும். இதை ஒற்றைத் தரப்பாக எடுத்தால் எந்தப் பக்கம் எடுத்தாலும் குறைதான். வேலூரிலோ மறுதரப்பு தூரத்தில் இல்லை. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இதே மாவட்டம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்த ஆண்டுகளை வாழ்ந்தவர்கள் இருக்கக்கூடிய இடம். இந்தப் படத்தை எடுக்க வேலூரைப் போல் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள், விவாத நிகழ்ச்சியாகிவிடும். தனித்தனியே, ஒரே மாதிரி வெளிச்சத்தில், ஒரே அளவு நேரம். முகம் காட்ட விருப்பமில்லை என்று யார் சொன்னாலும் அங்கே இரண்டாம் பாணி: குரல் மட்டும்.

பதிவின் நடைமுறை

கத்திரி வெயில் மாதத்தில் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். அந்த உறுமலைப் பின்னால் நீக்கினால் குரலும் சேர்ந்து தகரமாகிவிடும். காலர் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பிடியுங்கள்; வெட்டு விழும் இடத்தை மூட அதுதான் உதவும்.

வீட்டுப் புகைப்படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 6×4 அங்குலப் படம் 3600×2400 புள்ளி வரும். முகத்தை நோக்கி மெதுவாக நெருங்க அது போதும். பழைய ரீல் 4:3 சட்டம். அதை 16:9 திரை நிரம்ப இழுத்தால் ஆள் குண்டாவார், வெட்டினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். இது ஆவணம் என்பதற்கு அதுவே அடையாளம்.

உரிமை விஷயம்: இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கும் அரசுப் படைப்புக்கும் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1962-இல் வெளியான செய்திப்படத்துக்கு 2022 முடிவோடு தீர்ந்தது. 1971-இல் வெளியானதற்கு 2031 முடியும்வரை உண்டு. அரசு செய்திப்படங்களை எடுத்த பிலிம்ஸ் டிவிஷனின் சேகரிப்பு இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்எஃப்டிசி) வசம். நல்ல பிரதிக்கு அங்கே எழுதிக் கேட்க வேண்டும். யூடியூபிலிருந்து இறக்கிய வாட்டர்மார்க் துண்டு திரைப்பட விழாத் திரையிடலில் சிக்கலாகும்.

மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். பிபிசி தன் 1964 தொடருக்குப் பதிந்த பேட்டிகள்தான் 2018-இல் ஜாக்சனுக்கும் கைகொடுத்தன. 50 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரம் சுமார் 22 ஜிபி. நாலு பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வேறு வீட்டில். மூன்றாவது பிரதி பேசியவரின் குடும்பத்துக்கு, வெட்டாமல், முழுசாக.